சணல்விதை: மறக்கப்பட்ட ஒரு தானியத்தின் வரலாறு

சீன நாட்டிலே மிங் அரசமரபு தன் இறுதிக் காலத்தை நெருங்கிக்கொண்டிருந்த 1637ஆம் ஆண்டில், சொங் யிங்சிங் என்னும் அறிஞர் தம் நாட்டுத் தொழில்களை விளக்கும் ‘தியன்கொங் கைவு’ என்னும் பெருநூலை வெளியிட்டார். உழவும் நெசவும் உப்பு விளைவித்தலும் மட்கலஞ் செய்தலும் காகிதம் வனைதலும் அந்நூலிற் படங்களுடன் விரித்துரைக்கப்பட்டுள்ளன. தொழில்களைத் தெளிவுற விளக்குபவராகிய அவர், தானியங்களைப் பற்றிக் கூறுமிடத்தில் ஒரு பொருளிலே மயங்கி நிற்கின்றார். பண்டை நூல்கள் ஐவகைத் தானியங்களுள் ஒன்றாகச் சணலைக் குறிப்பிடுகின்றன. அவர் கண்ட சணலோ நாருக்குரிய செடி. அதன் விதையிலிருந்து பெறும் எண்ணெய் சொற்பம். நாரினால் நெய்யும் துணியும் முரட்டுத்துணி. இத்தகைய செடியை முன்னோர் நெல்லோடும் தினையோடும் ஒருங்கு வைத்து எண்ணியிருப்பரோ? பண்டைச் சணல் இப்போது அழிந்தொழிந்த வேறொரு பயிராயிருத்தல் கூடும். அல்லது வேறு யாதேனும் ஒரு தானியத்தின் பெயர் காலப்போக்கில் திரிந்து வழங்கியிருத்தல் கூடும் என அவர் ஐயுறுகின்றார்.

அவ்வையம் பொருந்தாதென்பதை 1972ஆம் ஆண்டு காட்டிற்று. ஹூனான் மாகாணத்துச் சாங்சா நகரின் அருகே மாவாங்டுய் என்னுமிடத்தில், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இறந்த ஓர் உயர்குடிப் பெருமாட்டியின் கல்லறை அகழப்பட்டபோது, மறுமைக்கென அவளுடன் வைக்கப்பட்ட உணவுப்பொருள்கள் பல கெடாதிருந்தன. நெல், கோதுமை, தினை, அவரையினங்கள் ஆகியவற்றோடு சணல்விதையும் அங்கே காணப்பட்டது. சொங் யிங்சிங் நம்ப மறுத்த தானியம் ஈராயிரம் ஆண்டுகளாக மண்ணினுள்ளே கிடந்தது. ஒரு மக்கள் கூட்டத்தார் தாம் உண்ட தானியத்தை, அது தானியமாயிருந்ததென்ற நினைவே இல்லாது போகுமளவிற்கு, எவ்வாறு மறந்தனர் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். தமிழிற் சணல் என்பது ஒரு செடிக்கு மாத்திரம் உரிய பெயரன்று. சாக்கு நெய்ய உதவும் வங்காளச் செடியையும் அச்சொல்லாற் குறிப்பர். பசளைக்கும் கயிற்றுக்கும் பயிரிடப்படும் சணப்பையும் சிலர் அவ்வாறே வழங்குவர். ஈண்டுச் சணல்விதை எனப்படுவது இவ்விரண்டன் விதையுமன்று. 1753இல் லின்னேயசு ‘கனாபிசு சற்றைவா’ எனப் பெயரிட்ட செடியின் விதையே அது. அஃதாவது கஞ்சாவைத் தருவதும் அவ்வினமே. ஒரே இனத்துள் நாருக்கும் விதைக்குமெனப் பேணப்பட்ட வகைகளும், பிசினுக்கெனப் பேணப்பட்ட வகைகளும் உள. மயக்கந்தரும் பொருள் பெண்பூவைச் சூழ்ந்த சிற்றிலைகளின் நுண்மயிர்களிலே சுரப்பது. விதையினுள் அது உண்டாவதில்லை. விதையின் மேற்புறத்தில் ஒட்டிய பிசின் சிறிதளவு காணப்படலாமேயொழிய, நன்கு துப்புரவாக்கிய விதை உண்பார்க்கு மயக்கத்தைத் தராது. இவ்வேறுபாட்டை உழவர் என்றும் அறிந்திருந்தனர். சட்டம் இயற்றியோரே அதனைப் பின்னர் அறிய நேர்ந்தது.

மனிதன் இச்செடியை எப்போது பயிராக்கினான் என்ற வினாவிற்கு 2021இல் வெளியான மரபணு ஆராய்ச்சியொன்று, கிழக்காசியாவில் ஏறத்தாழப் 12,000 ஆண்டுகளுக்கு முன்னர் என விடை கூறிற்று. சீனரின் பழம்பாடற் றொகுதியாகிய ‘சீசிங்’ அறுவடைப் பொருள்களை எண்ணுமிடத்துத் தினை, அவரை, கோதுமை ஆகியவற்றுடன் சணலையும் எண்ணுகின்றது. சடங்குகளைக் கூறும் ‘லீசி’ என்னும் நூலின்படி, கூதிர்காலத்து மூன்று மாதங்களிலும் அரசனுக்குரிய தானியம் சணலே. ஐந்தானியப் பட்டியலும் ஒரே வகையாக வழங்கவில்லை. ஓர் உரையாசிரியர் சணலைக் கூறி நெல்லை விடுத்தார். இன்னொருவர் நெல்லைக் கூறிச் சணலை விடுத்தார். வடக்கின் வறண்ட நிலத்து வழக்கும் தெற்கின் நீர்வளநாட்டு வழக்கும் இவ்வாறு முரண்பட்டன எனக் கொள்வது பொருத்தமாகும். தென்னாடு செழித்து நெல் மேலோங்கியபோது எப்பட்டியல் நிலைக்குமென்பது சொல்லாமலே விளங்கும்.

ஆயினும் நெல்லின் எழுச்சி ஒன்றே காரணமன்று. செடியின் இயல்பிலேயே ஒரு சிக்கல் உளது. சணலில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. பண்டைச் சீனர் இரண்டிற்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தனர். மென்மையான நல்ல நாரை விரும்புவோன் விதை முற்றுமுன் செடியைப் பிடுங்குதல் வேண்டும். விதையை விரும்புவோன் நார் முரடாகும் வரையிற் காத்திருத்தல் வேண்டும். விதையோ ஒருங்கே முற்றுவதில்லை, முற்றியது உதிரும், உதிராததைப் பறவைகள் கவரும். 6ஆம் நூற்றாண்டில் சியா சீசியே இயற்றிய ‘சிமின் யாவோசு’ என்னும் வேளாண்மை நூல், நாருக்காகச் சணல் பயிரிடும் முறையை ஓர் அதிகாரத்திலும் விதைக்காகப் பயிரிடும் முறையை வேறோர் அதிகாரத்திலும் கூறுகின்றது. ஒரே செடி அக்காலத்திலேயே இரு பயிராகப் பிரிந்துவிட்டது. அவ்விரண்டினுள் அரசிறையாகவும் ஆடையாகவும் பயன்பட்ட நாருக்கு நிகராக விதை போட்டியிடவியலாது.

எண்ணெய்த் துறையிலும் அதற்கு ஒரு போட்டி வந்தது. மேற்றிசையிலிருந்து சீனத்தை அடைந்த எள்ளுக்குச் சீனர் ‘ஹூமா’ எனப் பெயரிட்டனர். அயலார் சணல் என்பது அதன் பொருள். புதிய எண்ணெய்வித்துக்குப் பழைய எண்ணெய்வித்தின் பெயரையே அடைகொடுத்து வழங்கினர் என்பதிலிருந்து, முன்னர்ச் சணல்விதைக்கிருந்த இடம் புலனாகின்றது. நாளடைவில் எள்ளெண்ணெய் அடுக்களையைக் கைப்பற்றிற்று. சணல்விதை மருத்துவர் கடைக்குப் பெயர்ந்து, மலச்சிக்கலைத் தீர்க்கும் மருந்தாக இன்றளவும் அங்கே நிலைத்துள்ளது. தெற்கே குவாங்சி மாகாணத்துப் பாமா மலைநாட்டில் மாத்திரம் விதையை நீருடன் அரைத்து வடித்துக் கீரையிட்டுக் காய்ச்சும் வழக்கம் அற்றுப்போகவில்லை. அவ்வூரார் நூறாண்டு வாழ்வதற்கு இக்கூழே காரணமென விளம்பரஞ் செய்வாரும் உளர். மலைவாழ்வும் உழைப்பும் ஏனைய உணவும் உடனிருக்க ஒரு கூழுக்கு முழுப் புகழையும் கொடுத்தல் ஆராய்ச்சியாகாது.

மேற்றிசை நோக்கின், எரொதோத்தசு கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சித்தியரைப் பற்றி எழுதுகையில், அவர்கள் கூடாரத்தினுள்ளே சுடுகற்கள் மீது சணல்விதையை இட்டு அதன் ஆவியில் மகிழ்ந்தனர் என்கின்றார். அல்தாய் மலையின் பசிரிக் சமாதிகளை அகழ்ந்த உருசிய ஆராய்ச்சியாளர், கற்கள் நிறைந்த செப்புக்கலங்களையும் கருகிய சணல்விதைகளையும் கண்டெடுத்து அவர் கூற்றை உறுதிப்படுத்தினர். விதை மயக்கந் தருவதன்று என முன்னர்க் கூறியதற்கு இது மாறன்று. விதையோடு சேர்ந்த பூந்தலையே புகையின் ஆற்றலுக்குக் காரணமாயிருத்தல் வேண்டும். உணவு என்ற வகையில் அதனைக் கூறியவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கலேன். சிலர் இதனை வறுத்து விருந்தின் இறுதியில் ஏனைய சிற்றுண்டிகளுடன் உண்பரென்றும், இது எளிதிற் செரியாது, மிகுதியாக உண்பின் தலைக்குக் கேடாம் என்றும் அவர் எழுதினார். உரோமரின் மேசையில் அது சிற்றுண்டியாகவே அமைந்தது, தானியமாகவில்லை.

ஐரோப்பாவின் வடகீழ்ப் பகுதியிலோ நிலைமை வேறு. லத்துவியர் விதையை வறுத்து இடித்துப் பிசைந்து வெண்ணெய்போலாக்கி உரொட்டிமேற் பூசி உண்டனர்; நடுவேனில் விழாவில் அது இன்றும் இடம்பெறுகின்றது. போலந்தின் சிலேசியாவில் நத்தார் முன்னிரவுக்குரிய உணவுகளுள் ஒன்று சணல்விதைக் கஞ்சி. உருசியாவில் வைதிகத் திருச்சபையார் ஆண்டிற் பல நாள் நோன்பிருந்தனர். அந்நாள்களில் இறைச்சியும் பாலும் வெண்ணெயும் விலக்கு. அதனால் விதையெண்ணெய் இன்றி அடுப்பெரியாது என்ற நிலை உண்டாயிற்று. அவ்வெண்ணெய் பெரும்பாலும் சணல்விதையினின்று பிழிந்த பசுமைநிற எண்ணெயே. விரதநாட் சமையலுக்கு நல்லெண்ணெய் எவ்வளவு இன்றியமையாததோ அவ்வளவுக்கு உருசியக் குடியானவனுக்கு அது இன்றியமையாததாயிருந்தது.

அதனைச் சட்டம் எதுவும் அகற்றவில்லை. ஒரு மலரே அகற்றிற்று. 1829ஆம் ஆண்டளவில் அலெக்செயெவ்கா என்னும் ஊரிற் பொக்கரெவ் என்ற பண்ணையடிமை சூரியகாந்தி விதையைப் பிழிந்து எண்ணெய் எடுத்தான். சில பத்தாண்டுகளுள் அங்கு எண்ணெயாலைகள் பெருகின. சூரியகாந்தியெண்ணெய் நிறமும் மணமும் மென்மையானது; எளிதிற் கெடாதது; அதன் செடிக்கு நாரா விதையா என்ற இரண்டகமும் இல்லை. சணலெண்ணெய் பின்வாங்கி வர்ணத்தொழிலுக்கும் சவர்க்காரத்திற்கும் சென்றது. மொஸ்கோவில் 1954இல் அமைக்கப்பட்ட ‘மக்கள் நட்புறவு’ நீர்த்தாரையின் நடுவே கோதுமையும் சூரியகாந்தியும் சணலும் ஒரே கட்டாகப் பொன்னிறத்திற் பொலிகின்றன. அடுக்களையிற் போட்டியிட்ட இரு செடிகளையும் சிற்பிகள் சமாதானப்படுத்திவிட்டனர் போலும்.

மேசையிலிருந்து நீங்கிய அதே காலத்தில் விதை ஆய்வுகூடத்துட் புகுந்தது. ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிக்கற் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் தோமசு ஒஸ்போண் என்னும் இரசாயனர் 1890களிற் பல்வேறு விதைகளின் புரதங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்தார். சணல்விதையின் புரதம் மிக இசைவாக அமைந்தது. இளஞ்சூடான உப்புநீரில் அது கரையும். நீர் ஆறியதும் பளிங்குகளாகப் படியும். உண்ணத்தக்கது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று அதற்கு ‘எடெஸ்தின்’ என்னும் பெயர் வழங்கிற்று. 1909 முதல் ஒஸ்போணும் யேல் பல்கலைக்கழகத்து லபாயெற் மெண்டலும், புரதம் ஒவ்வொன்றையும் தனியே ஊட்டி வெள்ளெலிகளின் வளர்ச்சியை அளந்தனர். சோளப் புரதமாகிய செயின் உண்ட எலிகள் மெலிந்தன. கோதுமையின் கிளையடின் உண்டவை உயிர் தாங்கினவெனினும் வளரவில்லை. எடெஸ்தின் உண்டவை வளர்ந்தன. எல்லாப் புரதமும் ஒத்த தகுதியுடையன என்ற பழங்கொள்கை அதனோடு வீழ்ந்தது. சில அமினோவமிலங்களை உடல் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாது; அவை உணவிலிருந்தே வருதல் வேண்டும் என்ற உண்மை இவ்வாராய்ச்சிகளால் வலுப்பெற்றது. பின்னர்ச் சுவீடனில் ஸ்வெத்பேர்க் தமது அதிவேக மையநீக்கப் பொறியாற் பெரும் புரதமூலக்கூறுகளை நிறுத்தபோது, எடெஸ்தினின் மூலக்கூற்று நிறை சுமார் 300,000 எனக் காணப்பட்டது. சணல்விதையை உண்ணாத நாடுகளின் பாடநூல்களிலே அதன் புரதம் நெடுங்காலம் முதன்மை உதாரணமாக இருந்தது என்பது வியப்பிற்குரியது.

இதன்பின்னரே சட்டம் வருகின்றது. 1937இல் ஐக்கிய அமெரிக்கா மரிகுவானா வரிச்சட்டத்தை இயற்ற முற்பட்டபோது விதைக்காக வாதாடியவர் பறவைத்தீனி வணிகரே. அதன் பயனாக, முளைக்காதவாறு பதப்படுத்திய விதைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மனிதர் உண்ணும் பொருள் என்ற வகையில் அதற்காக உரத்துப் பேச அந்நாட்டில் வலுவான பழக்கம் எதுவும் இருந்திலது. 1961ஆம் ஆண்டின் சர்வதேசப் போதைப்பொருள் உடன்படிக்கை, பூந்தலையோடு சேராத விதையையும் இலையையும் தன் வரைவிலக்கணத்தினின்று நீக்கிற்று. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே. யப்பானின் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் விதையை விலக்கியமையால், அந்நாட்டு எழுவகைப் பொடியிற் சணல்விதை இடையறாது கலந்து வந்துள்ளது. சட்டம் ஒரு நல்லுணவைக் கொன்றது என்று இக்காலத்தார் சிலர் எழுதுவது பெரும்பாலும் மிகைக்கூற்றென்றே கொள்ளல் வேண்டும். சட்டம் செடியைப் பயிரிடுவதை அரிதாக்கிற்று. பெயருக்கு அச்சத்தைச் சேர்த்தது. ஆனால் உணவுவழக்கு மிகப் பல நாடுகளில் அதற்கு முன்னரே நலிந்திருந்தது. வழக்கு நலியாத இடங்களில், யப்பானிற் போலவே, சட்டமும் அதற்கு வழிவிட்டது. குமாவோன், கடுவால் மலைநாட்டவர் விதையை வறுத்து மிளகாய், சீரகம், எலுமிச்சஞ்சாறு சேர்த்துச் சட்டினியாக அரைப்பதை எச்சட்டமும் நிறுத்தவில்லை.

மீட்சி அண்மைக்காலத்தது. கனடா 1998இல் உரிமம் பெற்ற பயிர்ச்செய்கைக்கு இடந்தந்தது. அவுஸ்திரேலியா 2017இல் விதையை உணவாக விற்க இசைந்தது. ஐக்கிய அமெரிக்கா 2018இல் பயிரை விடுவித்ததுடன் அவ்வாண்டு இறுதியிலேயே உமி நீக்கிய விதைக்கும் விதைப்புரத மாவுக்கும் எண்ணெய்க்கும் உணவென்ற ஏற்பினை வழங்கிற்று. இந்திய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2021இல் அவ்வழியே சென்றது. மீண்டு வந்த விதையோ அதீதமான புகழுரைகளைச் சுமந்துகொண்டு வந்தது. ஆதலின் அதன் மெய்ப்பெறுமதியை நிறுத்துக் காண்டல் அவசியம்.

உமி நீக்கிய விதை 100 கிராமில் ஏறத்தாழ 32 கிராம் புரதமும் 49 கிராம் கொழுப்பும் உள்ளன. மகனீசியம் 700 மில்லிகிராம், பொசுபரசு 1650 மில்லிகிராம், இரும்பு 8 மில்லிகிராம், நாகம் 10 மில்லிகிராம் அளவில் உண்டு. இவை உயர்ந்த எண்களே. ஆயின் பொசுபரசின் பெரும்பகுதி பைற்றிக்கமிலமாக நின்று இரும்பையும் நாகத்தையும் பற்றிக்கொள்வதால், விதையிலுள்ளது முழுவதும் உடலிற் சேராது. புரதத்தைப் பொறுத்தவரை ஆர்யினின் மிகுதி, இலைசினோ குறைவு. 2010இல் வெளியான கனேடிய ஆய்வொன்று, செரிமானத்தையும் அமினோவமில அளவையும் சேர்த்து மதிப்பிட்டு, உமி நீக்கிய விதைக்கு நூற்றுக்கு 63 முதல் 66 வரையும், முழு விதைக்கு 49 முதல் 53 வரையும் புள்ளி இட்டது. பாற்புரதத்தின் தரத்தை இது எட்டவில்லை. இலைசின் மிகுந்த பருப்பினத்துடன் சேர்த்துண்பின் குறை நிரம்பும். அவரையையும் சணலையும் ஒரே பட்டியலில் வைத்த பண்டைச் சீனரின் உணவுமுறை இவ்வகையிற் குறைபாடற்றது.

எண்ணெயிலே பாதிக்கு மேற்பட்டது லினோலெயிக்கமிலம். ஆறிலொன்று முதல் ஐந்திலொன்று வரை அல்பா லினோலெனிக்கமிலம். உடல் ஆக்கமாட்டாத இவ்விரு கொழுப்பமிலங்களும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்னும் வீதத்தில் ஒருங்கே அமைதல் விதையெண்ணெய்களில் அரிது. ஆனால் இச்சிறப்பே அதன் பலவீனமுமாகும். இரட்டைப் பிணைப்புகளுக்கு இடைப்பட்ட காபன் அணுக்களிலுள்ள ஐதரசன் எளிதிற் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் ஒட்சிசன் பற்றும். அவ்வாறு கெட்ட மூலக்கூறு அயலிலுள்ளதையும் கெடுக்கும். சங்கிலித் தொடர்போல் நிகழும் இத்தாக்கமே எண்ணெய் காறிப்போதலின் காரணம். சூரியகாந்தியெண்ணெயின் முன் சணலெண்ணெய் தோற்றமைக்கு இதுவும் ஒரு காரணமெனக் கருத இடமுண்டு.

விதை தன் கருவைக் காக்கவேண்டுமாயின் இக்கேட்டைத் தடுக்கும் வழியொன்று அதனிடம் இருத்தல் வேண்டும். அதுவே ஒட்சியேற்ற எதிரிகள் எனப்படும் பொருள்களின் இயற்கைத் தொழில். எண்ணெயிலே விற்றமின் ஈ குடும்பத்துக் காமா தொக்கோபெரோல் மேலோங்கி நின்று, தன் ஐதரசனைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கின்றது. உமியிலோ வேறொரு கூட்டம் உளது. 1990களில் யப்பானிய ஆராய்ச்சியாளர் இவ்விதையிலிருந்து பிரித்தெடுத்த கனாபிசின் என்னும் சேர்வைகளும், அவற்றோடு உறவுடைய கபெயோயில்தைரமீனும் பீனோல் வகையைச் சேர்ந்தன. ஆய்வுக்குழாயிலே வலிமையான ஒட்சியேற்ற எதிரிகளாகத் தொழிற்படுவன. பெயர் கனாபிசின் என்றிருப்பினும் அவை மயக்கப்பொருள்களோடு எவ்வித உறவும் இல்லாதன.

ஆய்வுக்குழாயில் வென்றது உடலினுள்ளும் வெல்லுமா என்பது வேறு வினா. குடல் இப்பொருள்களை எவ்வளவு உறிஞ்சும், ஈரல் அவற்றை எவ்வாறு மாற்றும் என்பனவற்றைக் குழாய்ச் சோதனை கூறாது. உணவுகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பு வலிமையை எண்ணாற் குறித்துப் பட்டியலிட்டிருந்த ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் திணைக்களம், அவ்வெண்கள் மனிதர் நலத்தோடு பொருந்துவதற்குச் சான்றில்லை எனவும் விளம்பரகாரர் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகின்றனர் எனவும் கண்டு, 2012இல் அப்பட்டியலையே நீக்கிவிட்டது. சணல்விதைப் பொதிகளில் அச்சிடப்படும் உறுதிமொழிகளைப் படிப்போர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்வாராக.

இன்னுமொன்று. இப்போது கடைகளிற் பெரும்பாலும் விற்கப்படுவது உமி நீக்கிய வெண்பருப்பு. மேற்கூறிய பீனோற் சேர்வைகளின் பெரும்பகுதி உமியிலே தங்கியுள்ளமையின், ஒட்சியேற்ற எதிரிகளின் பெயரால் விதையைப் புகழ்ந்து விற்போர் அவற்றுட் பெரும்பங்கை ஆலையிலேயே களைந்துவிட்டு எஞ்சியதையே பொதியில் இடுகின்றனர். கலேன் காலத்து உரோமனும் லத்துவியக் குடியானவனும் வறுத்தது உமியோடு கூடிய முழுவிதையை. அதனாற் புரதம் சிறிது குறைவாகச் செரித்தது. பல்லுக்கும் வேலை மிகுந்தது. குமாவோன் நாட்டு அம்மிகளில் இன்றும் அரைபடுவது அம்முழுவிதையே.